பெட்டிக்கு வயதாகவில்லை, அப்பா

என் செல்ல அப்பாவுக்கு, உங்கள் மாடி ரெக்கார்டிங் அறையில், உங்கள் சுழல் நாற்காலியில் கால் எட்டாமல் உட்கார்ந்துகொண்டு கோமு எழுதுகிறேன்.

அம்மா கீழே தூங்கிவிட்டாள். இந்த அறைக்கு ஜன்னல் இல்லை என்று முன்பெல்லாம் எரிச்சல் வரும். இப்போது அதுவே வசதியாக இருக்கிறது. விளக்குப் போட்டால் வெளியே தெரியாது, நாற்காலியை இழுத்தால் கீழே கேட்காது. விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் நான் ஒரு முடிவுக்கு வர வேண்டும். பயமாக இருக்கிறது அப்பா. பயமாக இருந்தால் உங்களிடம்தானே வருவேன்?

முதலில் வீட்டுச் சேதி சொல்லிவிடுகிறேன். ஐப்பசி வந்து துலாம் மழை பிடித்துவிட்டது. சாயங்காலம் ஆனால் இடிதான். முதல் இடி கேட்டதும் நான் மாடிக்கு ஓடிவந்து எல்லா பிளக்கையும் பிடுங்கிப் போட்டுவிடுகிறேன். அம்மா மருந்துக்கடை வேலைக்குத் திரும்பப் போக ஆரம்பித்துவிட்டாள். வலியசாலையில் நம் தெருவில் பாதிப் பேர் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள், எனக்கு உடம்பு சரியில்லாத மாதிரி. உங்கள் போனுக்கு இன்னும் அழைப்பு வருகிறது. "சார் உண்டோ?" என்று கேட்கிறார்கள். நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வட்டியூர்க்காவில் ஒருவர் புதிதாக ரெக்கார்டிங் ஸ்டுடியோ தொடங்குகிறார். நாளைக் காலை அவர் நம் வீட்டுக்கு வருகிறார். பெரியப்பாதான் வரச் சொல்லியிருக்கிறார். உங்கள் கன்வெர்ட்டரைப் பழைய சாமானாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று பார்ப்பாராம். இன்னொன்றும் உண்டு. மிஷின்களைப் பராமரிக்க இசக்கி அண்ணனை வேலைக்கு எடுக்கலாமா என்று பெரியப்பாவிடம் விசாரிப்பாராம். பத்து வருஷத்துக்கு மேல் உங்களோடு இருந்தவர் எப்படிப்பட்டவர் என்று நம் வீட்டில்தானே கேட்பார்கள்?

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது பெரியப்பா சொன்னார்: "பெட்டியப் பாத்துட்டுப் போகட்டும். இசக்கியப் பத்திக் கேட்டா நான் உள்ளதச் சொல்லுவேன். நல்லாருந்த மிஷினக் கெடுத்த பய. என் தம்பி அந்தக் கவலையிலயே போனான்."

அம்மா மோர் ஊற்றிக்கொண்டே, "சொல்லுங்க அத்தான். கண்டிப்பாச் சொல்லுங்க. இன்னொரு வீட்டுல போயி இதே வேலயச் செய்யக் கூடாதுல்லா" என்றாள். அம்மா அப்படிப் பேசுவாள் என்று நீங்கள் நினைத்திருப்பீர்களா? ஒரு தட்டில் இட்லி அதிகமாக இருந்தால் "இது இசக்கிக்கு" என்று எடுத்து வைத்தவள் அவள்தானே?

அப்பா, இசக்கி அண்ணன் பெட்டியைக் கெடுக்கவில்லை. அது எனக்கு இப்போது நிச்சயமாகத் தெரியும். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் உங்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அதுதான் எனக்குப் பயம்.

நாளைக்கு எனக்கு வாய் வராமல் போனால் இந்தக் கடிதத்தையே அவர்கள் கையில் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், கோபிக்காதீர்கள். கன்வெர்ட்டர் என்றால் என்ன என்று பெரியப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. பாடுகிறவர் மைக்கில் பாடினால் அந்தக் குரலை எண்களாக மாற்றிக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் பெட்டி அது. கம்ப்யூட்டரில் உள்ள எண்களைத் திரும்பக் குரலாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவதும் அதுதான். நீங்கள் அதை வருகிறவர்களிடம் இப்படித்தான் அறிமுகப்படுத்துவீர்கள்: "நம்ம ஊர்த் தமிழன் மாதிரி. வீட்டுக்குள்ள தமிழு, வெளிய மலையாளம். ரெண்டுலயும் பொய் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்."

நான் எல்.கே.ஜி. போகும்போது அந்தப் பெட்டி வந்தது. எனக்கும் அதற்கும் வயது ஏறிக்கொண்டே போனது. அதைப் புதுசு போலவே வைத்திருக்க நீங்களும் இசக்கி அண்ணனும் போட்ட சண்டையெல்லாம் இந்தச் சுவர்களில்தான் பஞ்சுக்குள் புதைந்து கிடக்கிறது.

"அண்ணாச்சி, ராத்திரி ஆஃப் பண்ணிட்டுப் போங்க. சூட்டுலயே கெடந்தா உள்ள கெப்பாசிட்டர் காஞ்சிரும்."

"ஆஃப் பண்ணிட்டா? இந்தக் கடக்காத்து ஈரம் உள்ள போயி ஒயரு சொருகுத பின்னுலாம் பச்ச பூத்துரும்லா?"

"அப்ப காயட்டுமா, பூக்கட்டுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"ஏல, நீ மிஷினப் பத்திப் பேசுதியா, பிச்சிப் பூவப் பத்திப் பேசுதியா?"

டீ கொண்டுவந்த அம்மா வாசலில் நின்று, "ரெண்டு பேரும் ஒரு புள்ளயப் பெத்த மாதிரில்லா பேசுதிய" என்று சிரித்தாள். கடைசியில் இரண்டு பேருமே ஜெயித்தீர்கள். மழை மாதங்களில் பெட்டி அணையாது, அதன் சூடே ஈரத்தை விரட்டும். மீனம், மேடம் என்கிற பங்குனி, சித்திரை வெயிலில் ராத்திரி அணைத்துவிட வேண்டும். பெட்டிக்கு மேலே ஒரு தட்டைக் காலியாக விட்டு, காற்றுப் போக வழி செய்தீர்கள். நான் என் தண்ணீர் பாட்டிலை அங்கே வைத்ததற்காக வாங்கிய திட்டு எனக்கு மறக்காது.

அப்புறம் ஒருநாள் பெட்டிக்குள்ளிருந்து உறுமல் வந்தது. யாரும் பாடாதபோதும் பின்னால் ஒரு வண்டு இருக்கிற மாதிரி. கரண்டை வாங்கிச் சீராக்கித் தருகிற பகுதியில் இருக்கும் கெப்பாசிட்டர்கள் வருஷக்கணக்கான சூட்டில் உள்ளே வற்றிவிட்டன என்றார் இசக்கி அண்ணன். சின்ன முரசு மாதிரி இருக்குமே, அவை. எல்லாவற்றையும் மாற்றினார். உறுமல் நின்றது. அன்றைக்கு நீங்கள் அவருக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்தீர்கள். எனக்கும் கிடைத்தது, அதனால் நன்றாக நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு சில மாதம் கழித்துத்தான் ஆரம்பித்தது.

"இசக்கி, மேல்சத்தம் வரலடே. ஜால்ரா எல்லாம் துணியப் போத்துன மாதிரி இருக்கு."

"எனக்கு நல்லாத்தான் கேக்கு அண்ணாச்சி."

"ஒனக்கு என்னடே தெரியும்? நான் தெனமும் கேக்கேன்லா."

அவர் மறுபடி திறந்தார். மாற்றியதையே மறுபடி மாற்றினார். சாக்கெட்டுகளை மருந்து போட்டுத் துடைத்தார். உங்களுக்கு அப்போதும் மங்கலாகத்தான் இருந்தது. அதற்குள் பஜனைச் சங்கத்து வாத்தியார், அந்த மாஷ், வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, தவறாக நினைக்கக் கூடாது என்று தொடங்கி, "சாரே, ஒந்நும் விசாரிக்கருது கேட்டோ. ஜால்ர செவியில் குத்துந்நுண்டு" என்றார். உங்களுக்கு மங்கல், அவருக்குக் காதில் குத்துகிறது. அடுத்த கார்த்திகை மண்டலக் காலத்தில் அவர் பாட்டுக்கள் வேறு எங்கோ பதிவாயின. அவர் பின்னால் இன்னும் சிலரும் போனார்கள். "மெஷின் பழசாயில்லே சாரே" என்று எல்லோரும் மரியாதையாகவே சொன்னார்கள்.

அப்போதுதான் ஒருநாள் என்னைக் கூப்பிட்டீர்கள். நீங்கள் முடித்துவைத்த ஒரு பாட்டை ஓடவிட்டு ஹெட்போனை என் தலையில் மாட்டினீர்கள். இசக்கி அண்ணன் பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரோடு நின்றிருந்தார்.

"கோமு, நீ கேட்டுச் சொல்லு. புள்ளைங்க காது சுத்தமா இருக்கும். எப்படி இருக்கு?"

"கீச்சுன்னு இருக்குப்பா. பல்லு கூசுது."

நீங்கள் அவர் பக்கம் திரும்பினீர்கள். "கேட்டியா? எனக்கு மங்கல், புள்ளைக்குக் கீச்சல். ஒரே பெட்டி ரெண்டு வேலையும் எப்படிடே செய்யும்? நீ போட்ட சாமானுதான். நீ கை வச்ச பொறவுதான் இது இப்பிடி ஆச்சு."

அண்ணன் மூடியின் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். நான் உண்மையைத்தான் சொன்னேன் அப்பா. கீச்சென்றுதான் இருந்தது. ஆனால் நான் சொன்ன உண்மை போய் அவர் மேல் விழுந்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நீங்கள் போன பிறகு பெரியப்பா இந்த அறையைச் சுத்தம் செய்தார். ஒரு பழைய டப்பாவில் கழற்றிப் போட்ட கெப்பாசிட்டர்கள் கிடைத்தன. அவர் டிரெஷரியில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர் இல்லையா? கண்ணாடியைப் போட்டு ஒவ்வொன்றாகப் படித்தார். பழையதில் 85 என்று இருந்தது. இசக்கி அண்ணன் புதிதாகப் போட்டு, பிறகு மறுபடி கழற்றியதில் 105 என்று இருந்தது. தெருவே கூடுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டார். "எண்பத்தஞ்சு இருந்த எடத்துல நூத்தஞ்சு போட்டிருக்கான்! கணக்குல இருபது தப்பு! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" அன்றிலிருந்து அந்த இரண்டு சாமான்களையும் ஒரு கவரில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறார்.

அது எத்தனை டிகிரி சூட்டைத் தாங்கும் என்கிற எண் என்று எனக்கு இப்போது தெரியும். எண்பத்தைந்து இருந்த இடத்தில் நூற்றைந்து போடுவது, ஓட்டுக்கூரை இருந்த இடத்தில் கான்கிரீட் போடுவது மாதிரி. இன்னும் நாள் உழைக்கட்டும் என்று போட்டது. பெரியப்பாவுக்கு இதைச் சொல்லப் போனேன். "படிக்கிற புள்ள படிக்கிறதப் பாரு" என்றார்.

சரி, எனக்கு எப்படித் தெரிந்தது? வட்டியூர்க்காவுக்காரர், பெட்டியில் பதிவான ஏதாவது ஒன்றை அனுப்பச் சொன்னார். அம்மா என்னிடம் அந்த வேலையைக் கொடுத்தாள். நீங்கள் கடைசியாக முடித்த பஜனைப் பாட்டை எடுத்துப் போட்டேன். அதே கீச்சல். இதை அனுப்பினால் யார் வாங்குவார்கள் என்று, நீங்கள் மெருகேற்றுவதற்கு முந்திய வெறும் பதிவைத் திறந்தேன்.

அப்பா, அது எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? ஜால்ராவின் நுனி பளிச்சென்று இருந்தது. பாடுகிற மாமி மூச்சு வாங்குவதுகூடத் தெளிவாக இருந்தது. எங்கேயும் பல் கூசவில்லை. இதே பெட்டி வழியாகத்தானே இதுவும் உள்ளே போனது? பிறகு முடிந்த பாட்டில் நீங்கள் என்னென்ன செய்திருக்கிறீர்கள் என்று பார்த்தேன். எல்லாவற்றுக்கும் கடைசியில், மேல்சத்தத்தைக் கூட்டும் ட்ரெபிளை மேலே, மேலே தூக்கி வைத்திருந்தீர்கள். அதை மட்டும் இறக்கினேன். கீச்சல் போய்விட்டது.

அப்போதும் எனக்குப் புரியவில்லை. எங்கள் அப்பா ஏன் இவ்வளவு தூக்கினார் என்றுதான் யோசித்தேன். அதற்குப் பிறகு பெட்டியின் ஜாதகத்தைத் தேடினேன்.

எந்தப் புது மிஷின் வந்தாலும் முதல் நாளே நீங்கள் அதற்கு ஒரு ஜாதகம் எழுதுவீர்களே. கம்ப்யூட்டரிலிருந்து அடிக்குரலில் தொடங்கி உச்சி வரை ஏறிப் போகும் ஒரு ஊளைச் சத்தத்தைப் பெட்டி வழியாக வெளியே அனுப்பி, ஒரு ஒயர் போட்டு அதே பெட்டி வழியாக உள்ளே வாங்கிப் பதிந்து வைப்பீர்கள். பின்னாளில் மிஷின் கெட்டுவிட்டதா என்ற சந்தேகம் வந்தால் மறுபடி அதே மாதிரி பதிந்து, இரண்டையும் ஒப்பிட வேண்டும் என்று, ஒருமுறை பார்க்க வந்த காலேஜ் பையன்களிடம் பெருமையாகச் சொன்னீர்கள். ஒன்றைத் தலைகீழாகப் புரட்டி இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டால், இரண்டும் ஒன்றாக இருக்கும் இடமெல்லாம் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடும். மிச்சம் இருப்பதுதான் வயசு என்றீர்கள். நான் அந்த மூலையில் உட்கார்ந்து ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்தேன்.

உங்கள் பெட்டியின் ஜாதகம் நீங்கள் வைத்த இடத்திலேயே இருந்தது. நான் ஒயரைப் போட்டுப் புதிதாக ஒன்று பதிந்தேன். புரட்டிச் சேர்த்தேன். முதல் தடவை பயங்கரமாக அலறியது, இரண்டும் சரியாக ஒட்டவில்லை. ஒட்டவைக்க மூன்று சாயங்காலம் ஆயிற்று. கடைசியில் மணலைக் காகிதத்தில் கொட்டுவது போல மிக மெல்லிய சரசரப்பு மட்டும் மிஞ்சியது. அவ்வளவுதான். உச்சி வரைக்கும் அவ்வளவுதான். இத்தனை வருஷத்து உப்புக் காற்றுக்கும் சூட்டுக்கும் பிறகும் பெட்டி பிறந்த நாளில் இருந்தது போலவே இருக்கிறது. அப்படி வைத்திருந்தது இசக்கி அண்ணனுடைய கைதான்.

பிறகு ஏன் உங்களுக்கு மங்கலாக இருந்தது?

அன்று அம்மாவைக் கூப்பிட்டேன். என்னவென்று சொல்லாமல் ஹெட்போனை மாட்டி அந்த ஊளையை ஓடவிட்டேன். அது ஏறிக்கொண்டே போனது. ஓரிடத்தில் அம்மா ஹெட்போனைக் கழற்றி, "முடிஞ்சிட்டு. இதுக்குத்தான் கூப்பிட்டியா? அடுப்புல பால் இருக்கு" என்றாள். எனக்கு அது இன்னும் முடியவில்லை. ஹெட்போன் மேஜை மேல் கிடந்தது, அதிலிருந்து ஊசி மாதிரி சத்தம் வந்துகொண்டே இருந்தது. "அம்மா, இப்ப கேக்கலியா?" "எங்கடி? ஒண்ணுமில்லியே."

அம்மா பொய் சொல்லவில்லை. அவளுக்கு அங்கே எதுவும் குறையவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கண் மங்கினால் எழுத்து கலங்கித் தெரியும், உடனே தெரிந்துவிடும். காதில் மேல்சத்தம் போனால் போன இடம் காலியாகத் தெரிவதில்லை. உலகம்தான் கொஞ்சம் மங்கிவிட்டது போல இருக்கும். நல்ல காது என்று ஊரே சொன்ன ஒருவர், உலகத்தைச் சந்தேகப்படுவார், பெட்டியைச் சந்தேகப்படுவார், பக்கத்தில் நிற்கிற ஆளைச் சந்தேகப்படுவார். தன் காதை எப்படிச் சந்தேகப்படுவார்? காதுக்கு எட்டும் வரை ட்ரெபிளைத்தான் தூக்கிக்கொண்டே போவார். நாள் முழுக்க அத்தனை சத்தத்தைக் கேட்டு வாழ்ந்த காது, அப்பா. அது களைத்துப்போனதில் என்ன அதிசயம்?

ஆனால் ஒரு கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. போன மாசியில் அம்மன் கோயில் பொங்காலைக்கு முந்தின வாரம் அம்மா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, "இவ்வளவு கூட்டி வைக்கிதிய, ஒரு தடவ காது டாக்டர்ட்ட காட்டுங்களேன்" என்றாள். நீங்கள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்து எழுந்து மாடிக்குப் போனீர்கள். அப்படி நீங்கள் செய்து நான் பார்த்ததே இல்லை. அன்று ஏன் அவ்வளவு கோபம் வந்தது? ஜாதகம் எழுதி வைத்த நீங்கள், ஒரு தடவைகூட ஏன் அதை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை? பார்த்தால் என்ன தெரிந்துவிடும் என்று பயந்தீர்களா? உங்களுக்குத் தெரியுமா அப்பா? தெரியாது என்றே நினைத்துக்கொள்ளட்டுமா?

நேற்றைக்கு முன்தினம் ஸ்கூல் விட்டதும் பஸ்ஸைப் பிடிக்காமல் நடந்து பழவங்காடிக்குப் போனேன். இசக்கி அண்ணன் இப்போது கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில், கல்யாணத்துக்கு மைக் செட் வாடகைக்கு விடுகிற கடையில் இருக்கிறார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"என்ன பாப்பா, ஒத்தையிலயா வந்தே? அக்கா எப்பிடி இருக்காங்க?"

"நல்லாருக்காங்க. அண்ணா, இதக் கேளுங்க." போனில் போட்டு வந்திருந்தேன். இயர்போனை நீட்டினேன்.

கோயிலில் வரிசையாகத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் காதைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டார். நெற்றியைச் சுருக்கினார். "ஒண்ணும் கேக்கலியே பாப்பா. லேசா இரைச்சல்தான் இருக்கு."

"அதான்ணா. ஒண்ணும் கேக்கக் கூடாது." ஜாதகத்தையும் இப்போதைய பதிவையும் புரட்டிச் சேர்த்தது என்று சொன்னேன்.

அவர் புரிந்துகொள்ள எனக்கு மேலே எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மறுபடி போடச் சொன்னார். மறுபடி. கடைக்காரர் உள்ளேயிருந்து, "என்ன ஓய், சினிமாப் பாட்டா? எங்களுக்கும் வையும்" என்று கத்தினார். அண்ணன் இயர்போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.

பிறகு ட்ரெபிளைப் பற்றிச் சொன்னேன். அம்மாவுக்குக் கேட்காமல் போனதைச் சொன்னேன். உங்களைப் பற்றி நான் சொல்லி முடிக்கவில்லை, அவரே முடித்துவிட்டார். இயர்போனைக் கழற்றி என் கையில் வைத்தார். முகம் சிவந்து போயிருந்தது.

"ரெண்டு வருசம் பாப்பா. ரெண்டு வருசமா என் கைதான் சரியில்லன்னு நெனச்சிட்டு இருந்தேன். கொச்சியில இருந்து பெரிய வேல வந்துச்சு, போகல. இன்னொருத்தன் மிஷினையும் கெடுத்துரக் கூடாதுன்னு போகல. இங்க உக்காந்து மைக் ஒயரு ஒட்டுதேன். எனக்கு நல்லாத்தான் கேக்குன்னு மொதல் நாளே சொன்னேனே. ஒரு தடவ, ஒரு தடவ என்னய நம்பியிருந்தா என்ன?"

நான் அழுதுவிட்டேன். 

"சொல்லு. எல்லார்ட்டயும் போய்ச் சொல்லு" என்றார். பிறகு எனக்கு டீயும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தார். நான் பாதி தின்றிருப்பேன். "வேண்டாம் பாப்பா. அண்ணாச்சி காதுக்காகத்தான் இந்த ஊருக்கு எங்கெங்கருந்தோ வந்தாங்க. அது இல்லன்னு எதுக்கு இப்பச் சொல்லிக்கிட்டு? விட்டுரு" என்றார். கோட்டைப் பக்கம் பஸ் ஏற்றிவிடும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி கிளம்பப் போகிற நேரத்தில், "ஒனக்கு எது தோணுதோ செய்" என்றார்.

மூன்று பதில் சொல்லியிருக்கிறார் அப்பா. மூன்றுமே அவர் மனதிலிருந்து வந்ததுதான். எதை நான் எடுத்துக்கொள்வது?

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நாளை அந்த மனிதர் வருவார், பெரியப்பா சட்டைப் பையிலிருந்து கவரை எடுப்பார், எண்பத்தைந்து, நூற்றைந்து என்று காட்டுவார், வந்தவர் தலையாட்டுவார். பெட்டி போய்விடும். அண்ணனுக்கு வேலை கிடைக்காது. இந்த ஊரில் ஸ்டுடியோக்காரர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், அதோடு அவர் சோல்டரிங் அயர்னை யாரும் நம்ப மாட்டார்கள். உங்கள் பெயர் மட்டும் இருந்தபடியே இருக்கும். யாருக்கும் ஒன்றும் தெரியாது. என்னையும் இசக்கி அண்ணனையும் தவிர.

சொன்னால் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். "தலைத்திவசம்கூட வரல, அதுக்குள்ள பெத்தவனக் குத்தம் சொல்லுதியா?" என்று பெரியப்பா கேட்பார். அது எனக்குத் தெரியும். அவர் சத்தத்துக்கு நான் பயப்படுவேன், அதுவும் தெரியும். ஆனால் அதைவிட அம்மாவை நினைத்துத்தான் பயம். உங்களை யார் கொண்டுபோனார்கள் என்ற கேள்விக்கு அவளுக்கு ஒரு பதில் இருக்கிறது. காலையில் எழுந்திருக்க அந்தக் கோபம் அவளுக்கு ஒரு ஊன்றுகோல். நான் அதைப் பிடுங்கிக்கொண்டால் அவள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்?

இவ்வளவு எழுதிய பிறகு ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. உங்கள் காது மங்கியது உங்கள் குற்றம் இல்லை. அதைச் சொன்னால் நீங்கள் சின்னவராகிவிட மாட்டீர்கள். இசக்கி அண்ணன் மேல் பழி போட்டது வேறு விஷயம். அது நீங்கள் செய்தது. நீங்கள் இருந்திருந்தால், இந்த மெல்லிய சரசரப்பை நான் உங்கள் காதில் போட்டுக் காட்டியிருந்தால், கொஞ்ச நேரம் முறைத்திருப்பீர்கள். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு பழவங்காடிக்கு நீங்களே போயிருப்பீர்கள். நான் அறிந்த அப்பா போயிருப்பார். நீங்கள் போக முடியாததால் நான் பேசுகிறேன். இதை உங்களுக்கு எதிராகச் செய்வதாக என்னால் நினைக்க முடியவில்லை.

அதனால் கேளுங்கள். நாளை அந்த மனிதர் வருவதற்கு முன்பே அம்மாவையும் பெரியப்பாவையும் இந்த அறைக்குக் கூப்பிடுவேன். முதலில் அம்மாவிடம் சொல்வேன், அவள் கையைப் பிடித்துக்கொண்டு. பிறகு வந்தவரிடமும் சொல்வேன்: "எங்கப்பாவுக்குக் கடைசியில காது கொறஞ்சு போச்சு. பெட்டி நல்லாருக்கு. அத நல்லா வச்சிருந்தது இசக்கி அண்ணன்." இப்போது இதை இங்கே சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை குரலே வரவில்லை. இரண்டாவது தடவை "அப்பாவுக்கு" என்பதோடு நின்றுவிட்டது. அப்புறம் வந்தது.

பெட்டியை விற்க வேண்டாம் என்று கேட்பேன். கேட்பார்களா தெரியாது. விற்றாலும் அதைத் திறந்து மூடத் தெரிந்த கையோடு சேர்ந்தே போகட்டும். அம்மா அழுவாள். அழும்போது பக்கத்தில் இருப்பேன், ஸ்கூலுக்கு லீவு போட்டாவது இருப்பேன். யார் மேலும் கோபப்பட ஆளில்லாமல் அவள் தவித்தால், கொஞ்ச நாள் என் மேல் கோபப்படட்டும். அதைத் தாங்கிக்கொள்வேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள் அப்பா. நாளை நான் சொல்வது உங்களை எட்டினால், உங்களுக்கு வருத்தமாக இருந்தால், அந்தக் கோபம் என் மேல் இருக்கட்டும். இனிமேல் அண்ணன் மேல் வேண்டாம்.

உங்கள் கோபத்துக்கும் உரிமையுள்ள ஒரே மகள்,
கோமதி